வழக்குரைஞரை அமர்த்தும் உரிமை யாருடையது?

2012 அக்டோபர் 5 அன்று தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றம், அந்நாட்டின் தலைமை அரசு வழக்குரைஞராக மென்சி சிமலானே நியமிக்கப்பட்டதைச் செல்லாதென அறிவித்தது. குடியரசுத் தலைவரின் தெரிவும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டதே என்பது அத்தீர்ப்பின் சாரம். இதையொத்த வினா நம்மிடையே எழுந்தது ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கில். அதன் தண்டனையும் விடுதலையும் பலருக்கு நினைவிருக்கும். வழக்குரைஞர் நியமனம் மறந்துபோயிருக்கும்.

குற்றம் சாட்டப்பட்டவரே மீண்டும் முதலமைச்சராகிவிட்ட நிலையில், க. அன்பழகனின் மனுவை ஏற்ற உச்ச நீதிமன்றம் 2003 நவம்பர் 18 அன்று வழக்கைப் பெங்களூருக்கு மாற்றியது. கர்நாடக உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியைக் கலந்து, கர்நாடக அரசே வழக்குரைஞரை அமர்த்த வேண்டும் என்றும் பணித்தது. முதலில் பி.வி. ஆச்சார்யா, அவர் விலகியபின், 2013-இல் ஜி. பவானி சிங். அவ்வாண்டே கர்நாடகம் பவானி சிங்கை நீக்கியபோது, ஜெயலலிதா உச்ச நீதிமன்றம் சென்று அவ்வாணையை ரத்து செய்வித்தார். தமக்கெதிராக வாதாடுபவரை மாற்றக் கூடாதென்று குற்றம் சாட்டப்பட்டவரே வழக்காடிய விந்தையை வேறெங்கும் நான் படித்ததில்லை.

2014 செப்டம்பர் 27 அன்று தண்டனை. இரண்டே நாளில், மேல்முறையீட்டுக்கும் பவானி சிங்கையே தமிழ்நாடு அரசு அமர்த்தியது. தண்டிக்கப்பட்டவரின் கட்சி ஆளும் அரசே, அத்தண்டனையைக் காக்க வேண்டிய வழக்குரைஞரைத் தெரிந்தெடுத்தது!

அன்பழகன் மீண்டும் உச்ச நீதிமன்றத்தை நாடினார். அப்போது நடப்பிலிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 301-ஆம் பிரிவு, வழக்கைப் பொறுப்பேற்ற அரசு வழக்குரைஞர் புலன்கோள், விசாரணை, மேல்முறையீடு ஆகிய எந்நிலையிலும் முன்னிற்கலாம் என்றது. எனில், விசாரணை நீதிமன்றத்துக்கென அமர்த்தப்பட்டவர் மேல்முறையீட்டிலும் தொடரலாமா? 2015 ஏப்ரல் 15 அன்று நீதிபதி லோகூர் கூடாதென்றார். நீதிபதி பானுமதி ஆகுமென்றார். (அன்றாடப் பேச்சில் நாம் அனைத்தையுமே 'விசாரணை' என்றுவிடுகிறோம், மொழியியல் படித்தவருக்கு அது உறுத்தும்.)

ஏப்ரல் 27 அன்று நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான மூவர் அமர்வு முடிவுரைத்தது: தமிழ்நாட்டுக்கு அந்த அதிகாரமே இல்லை. ஆயினும் மறுவாதம் தேவையில்லை. அன்பழகனும் கர்நாடகமும் மறுநாளுக்குள் எழுத்துவடிவில் வாதங்களைத் தரலாம். நோயைச் சரியாகக் கணித்தும் அரை மருந்தே கொடுத்த தீர்ப்பு என்பது என் எண்ணம்.

மே 11 அன்று உயர் நீதிமன்றம் நால்வரையும் விடுவித்தது. அதை எதிர்த்து மேல்முறையிட்டது கர்நாடக அரசு. 2017 பிப்ரவரி 14 அன்று மூவரின் தண்டனை மீண்டது. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5-இலேயே மறைந்துவிட்டதால், அவரளவில் வழக்கு அற்றுப்போயிருந்தது.