வாயிலும் இருதயத்திலும்: தமிழ் வேதாகமத் திருத்தங்களும் சபைகளின் பழக்கமும்

இறைவார்த்தையைத் தேடி வானத்துக்கு ஏறவும் வேண்டாம், கடலைக் கடக்கவும் வேண்டாம். அது வாயிலும் இருதயத்திலும் இருக்கிறது என்கிறது உபாகமம் 30ஆம் அதிகாரம். பவுல் ரோமர் 10இல் இதையே எடுத்துக் கிறிஸ்துவைப் பற்றிய விசுவாச அறிக்கைக்குப் பொருத்துகிறார். இரண்டு இடங்களிலும் வாய்தான் முதலில் வருகிறது. தமிழ்ச் சபைகளின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த வரிசை உதவும்.

தமிழ் வேதாகமத்துக்கு என்னவோ கடலைக் கடக்கத்தான் வேண்டியிருந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1708இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711இல் முடித்தார். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து கப்பலில் வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவில் பெரியவை, காகிதத்தைத் தின்றன. எனவே சிறிய எழுத்துகள் இங்கேயே வார்க்கப்பட்டன. 1715இல் நூல் அச்சேறி முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு இதுவே. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்திருந்த நிலையில் 1719இல் அவர் இறந்தார். மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனரி ஷுல்ட்ஸ் முடித்தார்.

அடுத்த கட்டம் சென்னை வேப்பேரியில் நடந்தது. 1761இல் புதுச்சேரியில் ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சுக்கூடம் வேப்பேரி மிஷனுக்குக் கிடைத்தது. அங்கிருந்த மிஷனரி பப்ரிஷியஸின் புதிய ஏற்பாடு 1772இல் வந்தது. பின்னாளில் பொன் திருப்புதல் என்று போற்றப்பட்ட அவருடைய மொழிபெயர்ப்பைச் சபையார் வாசித்ததைவிட, காதால் கேட்டு மனப்பாடம் செய்ததே அதிகம் எனலாம். எழுத்தறிவு சிலருக்கே வாய்த்த காலம் அது.

சிக்கலும் இந்த மனப்பாடப் பழக்கத்திலிருந்துதான் பிறந்தது. அடுத்த தலைமுறை மிஷனரி இரேனியஸ் எளிய நடையில் செய்த திருத்தம் பகுதி பகுதியாக வெளிவந்து, 1833இல் முழுப் புதிய ஏற்பாடானது. கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அதைக் கடுமையாக எதிர்த்தார். 1829இல் அவர் எழுப்பிய முறையீடுகளில் வேதத்தைத் திருத்தியதும் ஒன்று. இதை வெறும் பழமைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. பாட்டாகவும் ஜெபமாகவும் நாவில் ஊறிய சொற்கள் மாறும்போது, தெளிவான வாசகமும் அந்நியமாகவே ஒலிக்கும். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு மிஷனரி பெர்சிவல் உருவாக்கிய 1850ஆம் ஆண்டுப் பதிப்பையும் தமிழகச் சபைகள் ஏற்கவில்லை.

முத்தையா பிள்ளையின் உதவியுடன் ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு இந்த இழுபறியை ஒருவாறு தீர்த்தது. பப்ரிஷியஸின் நடையை அடித்தளமாகக் கொண்டதே அதற்குக் கைகொடுத்தது என்று கொள்ளலாம். 20ஆம் நூற்றாண்டில் லார்சன் முதலியோர் செய்த திருத்தம் மூல மொழிகளுக்கு நெருங்கியிருந்தும் அதன் இடத்தைப் பிடிக்கவில்லை. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் இணைந்து பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியத்தை வெளியிட்டனர். கத்தோலிக்கத் திருப்பலியில் அது நிலைபெற்றது. மற்றச் சபைகளில் அந்த அளவுக்கு இல்லை.

இன்றும் இதைக் காணலாம். சென்னையின் தாம்பரம், மேடவாக்கம் வட்டாரத்தில் தென்னிந்தியத் திருச்சபை ஆலயத்துக்கும் வாடகை மண்டபத்தில் கூடும் பெந்தெகொஸ்தே சபைக்கும் வழிபாட்டு முறையில் ஒற்றுமை குறைவு. ஆனாலும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கும் மனப்பாட வசனமும், புத்தாண்டு ஆராதனையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையும் பெரும்பாலும் 1871இன் நடையிலேயே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பைக்குள் இருக்கும் வேதாகமத்துக்குப் பதிலாகக் கைபேசி வந்துவிட்ட வீடுகளிலும், திரையில் அநேகமாகத் திறப்பது அதே மொழிபெயர்ப்புத்தான்.