பறவைக்கூடு சூப்

உழவாரன் குடும்பத்துச் சிறு பறவைகள் சில, தம் உமிழ்நீரை இழை இழையாகப் பாறையில் ஒட்டிக் கட்டும் கூட்டிலிருந்து செய்யப்படும் சீன உணவு. ஊறவைத்து, தூவியும் தூசியும் நீக்கி, கற்கண்டுடன் நெடுநேரம் வேகவைப்பார்கள். கூட்டுக்கென்று தனி ருசி கிடையாது. நாக்குக்குத் தெரிவது கற்கண்டும் உடன் சேர்த்தவையும்தான். நுரையீரலுக்கும் மேனிக்கும் நல்லது என்ற சீன மருத்துவ நம்பிக்கையே அதன் விலையை ஏற்றி வைத்திருக்கிறது.

மிங் காலக் கடற்தளபதி செங் ஹே இதைச் சீனாவுக்குக் கொண்டுவந்தார் என்றொரு கதை உண்டு, கதையாகவே இருக்கட்டும். 18ஆம் நூற்றாண்டு நாவலான 'சிவப்பு மாளிகைக் கனவு', நோயாளியான லின் தாய்யூவுக்கு இது பரிந்துரைக்கப்படுவதைக் காட்டுகிறது. செல்வர் வீட்டு மருந்தாக அதற்குள் இது வேரூன்றிவிட்டது.

சரக்கு வந்தது போர்னியோ, ஜாவா, தாய்லாந்துக் கடலோரக் குகைகளிலிருந்து. இப்பறவைகள் 'கிளிக்' ஒலி எழுப்பி, எதிரொலியால் இருட்டில் வழி அறிகின்றன. கூடெடுப்பவர்களுக்கோ பிரம்பு ஏணியும் கயிறும் விளக்கும்தான் துணை. போர்னியோவின் சபா மாநிலத்திலுள்ள கோமந்தோங் குகையில் முட்டையிடும் முன் ஒருமுறையும், குஞ்சுகள் பறந்தபின் மறுமுறையும் எடுப்பது முறை. முதலில் பறிகொடுத்த பறவை மறுபடி கட்டிக்கொள்ளும். பேராசை பிடித்தவர்கள் முட்டையோடு எடுத்தபோதுதான் கூட்டங்கள் அழிந்தன.

ஜாவாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இப்பறவைகள் வீடுகளில் குடியேறியதைக் கண்டவர்கள், அவற்றுக்கென்றே இருட்டறைக் கட்டடங்களை எழுப்பலானார்கள். பின்னர் பதிவுசெய்த பறவைக் குரலை ஒலிபரப்பி அழைக்கும் உத்தி பரவியது. இன்று பெரும்பகுதிக் கூடுகள் வீட்டுக்கூடுகளே. இந்தோனேசியா முதலிடம் வகிக்கிறது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகள்கூடப் பறவை வீடுகளாயின. 2008இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் நகரம் சேர்ந்தபின் மையப்பகுதியிலிருந்து அவை அகற்றப்பட்டன.

'இரத்தக்கூடு' எனப்படும் சிவப்புக் கூட்டுக்குத்தான் அதிக மவுசு. பறவை இரத்தம் கக்கிக் கட்டியது என்பார்கள். உண்மையில் எச்சக்குவியலிலிருந்து எழும் நைட்ரஜன் சேர்மங்கள் கூட்டின் புரதத்தைச் சிவக்கச் செய்கின்றன. 2011இல் அளவுமீறிய நைட்ரைட்டைக் கண்டுபிடித்த சீனா, மலேசியக் கூடுகளின் இறக்குமதியை நிறுத்தியது. நம்பிக்கையின் நிறம் ஆய்வுக்கூடத்தில் வெளுத்தது.

அந்தமானிலும் இப்பறவை உண்டு. கள்ளத்தனமாகக் கூடெடுத்ததால் அங்கே எண்ணிக்கை சரிந்தபோது, கோவையிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தின் ரவி சங்கரன் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை முன்னெடுத்தார். முன்பு கூடெடுத்தவர்களே அதில் குகைக் காவலர்களாகச் சேர்க்கப்பட்டார்கள்.