காசு போனா கணக்கு இருக்கு, பேர் போனா? திருப்பூரின் பாசி கதை

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப, பள்ளிக்கூடத்துல கூடப் படிச்ச ஒருத்தன் ஒரு கேள்வி கேட்டான். அனுப்பர்பாளையம் பக்கம் பன்னெண்டு மிஷின் போட்டு பவர் டேபிள் நடத்துறான். ஒருத்தர் ஆர்டர் தர்றேன்னு வந்திருக்கார். பீஸுக்கு மத்தவங்களைவிட ரெண்டு ரூபாய் கூடவே தர்றாராம். ஆனா அவர் மேல பழைய பண மோசடி வழக்கு ஒண்ணு இன்னும் முடியாம நிக்குது. "மாப்ள, தீர்ப்புதான் இன்னும் வரலைல்ல? சனிக்கிழமை ஆனா சம்பளம் போடணும்டா. அவர் குடுக்கிறதும் காசுதானே?"

அன்னிக்கு என்கிட்ட பதில் இல்ல. இந்த எபிசோட்தான் அந்தப் பதில். அதுக்கு நாம 2008-க்குப் போகணும்.

முதல்ல திருப்பூர் எப்படி ஓடுதுன்னு சொல்லிடறேன். ஒரு டி-ஷர்ட்டுக்கு நூல் ஒரு இடம், நிட்டிங் ஒரு இடம், டையிங் ஒரு இடம், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங் எல்லாம் வேற வேற இடம். ஒவ்வொரு கை மாறும்போதும் பெரும்பாலும் கடன்தான். சரக்கு இன்னிக்குப் போகும், பணம் பல வாரம் கழிச்சு வரும். நடுவுல இருக்கிற பிணை எது? பேர். "அவரு நம்ம ஆளு, தாராளமா குடுங்க"ன்னு ஒருத்தர் சொல்ற ஒரு வாக்கு. இந்த ஊர்ல அறிமுகம் செஞ்சு வைக்கிறதே ஒரு கையெழுத்து மாதிரி.

2008 ஆரம்பத்துல டாலர் 40 ரூபாய்க்கும் கீழ இருந்துச்சு. ஏற்றுமதியாளர்களுக்கு அடி. அதே வருஷக் கடைசியில உலக நிதி நெருக்கடி வந்து, டாலர் 50 ரூபாயை நெருங்கிடுச்சு. டாலர் ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கன்னு வங்கிகள் வித்த சிக்கலான டெரிவேட்டிவ் ஒப்பந்தங்கள்ல சிலர் மாட்டி, கோர்ட் வரைக்கும் போனாங்க. அதாவது, டாலர் ஏறினா யாரோ சம்பாதிக்கிறாங்க, இறங்கினா யாரோ அழுவுறாங்கன்னு பனியன் கம்பெனி வாசல் டீக்கடை வரைக்கும் தெரிஞ்ச ஊர் அது.

அந்த ஊர்லதான், அந்த வருஷத்துலதான், பாசி ஃபாரெக்ஸ் என்ற நிறுவனம் வந்தது. பணத்தைப் போடுங்க, அந்நியச் செலாவணி வர்த்தகத்துல போட்டு கொழுத்த லாபம் தர்றோம்னு சொன்னாங்க. முதல்ல போட்டவங்களுக்கு லாபம் வந்தது. அவங்க பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட சொன்னாங்க. 2009-ல பணம் வர்றது நின்னது. அதுக்குள்ள 50,000-க்கும் மேற்பட்டவங்ககிட்ட இருந்து சுமார் 930 கோடி ரூபாய் திரட்டியிருந்தாங்க.

இந்த ரெண்டு எண்ணையும் வகுத்துப் பாருங்க. சராசரியா ஆளுக்கு ரெண்டு லட்சத்துக்கும் கீழ. பெரும் பணக்காரங்க சூதாடின தொகை இல்ல இது. ஒரு குடும்பத்தோட சீட்டுப் பணம், நகை அடகு, பொண்ணு கல்யாணத்துக்குச் சேர்த்தது.

அடுத்து நடந்தது சினிமாவை மிஞ்சும். 2009 டிசம்பர்ல இயக்குநர்கள்ல ஒருத்தரான கமலவல்லி காணாமல் போனார். திரும்பி வந்த பிறகு, காவல்துறையைச் சேர்ந்த சிலர் மேலேயே பணம் பறிச்சதாகப் புகார் கிளம்பிச்சு. 2011-ல சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐ கையில கொடுத்தது. தீர்ப்பு எப்ப வந்தது தெரியுமா? 2022 ஆகஸ்ட் மாதம். கோவை சிறப்பு நீதிமன்றம் மோகன்ராஜ், கமலவல்லி ரெண்டு பேருக்கும் 27 ஆண்டு சிறைத் தண்டனையும், 171 கோடி ரூபாய்க்கு மேல அபராதமும் விதிச்சது.

பதிமூணு வருஷம். என் நண்பனோட "தீர்ப்பு வரலைல்ல?" கேள்விக்கு முதல் பதில் இதுலயே இருக்கு. தீர்ப்பு வர்ற வரைக்கும் ஒருத்தரைக் குற்றவாளின்னு சொல்ல நமக்கு உரிமை இல்ல. ஆனா கோர்ட் கேக்கிற கேள்வி வேற, வியாபாரி கேக்க வேண்டிய கேள்வி வேற. "இவர் குற்றவாளியா?"ன்னு கோர்ட் கேக்கும். "இவர் பணம் எங்கிருந்து வருது, நாளைக்கு நின்னா என்கிட்ட என்ன மிஞ்சும்?"னு நாம கேக்கணும்.

சரி, நல்ல பேர் உள்ளவங்ககிட்ட மட்டும் போனா தப்பிச்சுக்கலாமா? அதுவும் இல்ல. 1906-ல சென்னையில அர்பத்நாட் கம்பெனி அப்படித்தான் கவிழ்ந்துச்சு. பாரி, பின்னி மாதிரி மதிப்பான பேர். சேமிப்பை மட்டும் இல்ல, மொத்த நம்பிக்கையையும் மக்கள் அங்க வச்சிருந்தாங்க. லண்டன் கூட்டாளி சூதாட்ட முதலீட்டுல பணத்தை விட்டது இங்க யாருக்கும் தெரியாது. அக்டோபர் 22 அன்னிக்கு கதவு மூடிடுச்சு. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாசக் கடுங்காவல். அந்த அடியிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவங்க முயற்சியில 1907-ல இந்தியன் வங்கி பிறந்தது. ஆக, கெட்ட பேர் ஒரு எச்சரிக்கை. ஆனா நல்ல பேர் கணக்குப் புத்தகம் ஆகிடாது.

பாசியில கணக்கு கேட்டிருந்தா? அந்நியச் செலாவணியில யார் வேணா வியாபாரம் பண்ண முடியாது, ரிசர்வ் வங்கி அனுமதி பெற்றவங்கதான் பண்ணலாம். அந்த அனுமதி எங்கன்னு ஒரு கேள்வி போதும். இன்னொண்ணு, 1997-ல வந்த தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம். முதலீட்டாளர் பணத்துல வாங்கின சொத்தை அரசு முடக்கலாம். நேர்மையில்லாம அந்தச் சொத்தை வாங்கினவங்க மேலேயும் அந்தச் சட்டம் பாயும். அதனால இப்படிப்பட்டவர்கிட்ட இடமோ மிஷினோ "சல்லிசா கிடைக்குது"ன்னு வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க.

பணத்துல போனது 930 கோடின்னு எழுத முடியுது. பேர்ல போனதை எழுத முடியாது. இந்த மாதிரித் திட்டங்கள்ல பாதிக்கப்பட்டவங்க முதல்ல நிறுவனத்து வாசலுக்குப் போக மாட்டாங்க. "நீ சொன்னதாலதானே போட்டேன்"னு அறிமுகப்படுத்தின அக்கா வீட்டு வாசலுக்குத்தான் போவாங்க. அந்த அக்காவும் பணத்தை விட்டவங்கதான். ஆனா அவங்க மேல எந்த வழக்கும் இல்ல, அதனால அவங்களை விடுவிக்க எந்தத் தீர்ப்பும் வராது. தெருவுல நடக்கும்போது அந்தப் பார்வை மட்டும் இருக்கும்.

நண்பன்கிட்ட இதையெல்லாம் போன்ல சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தான். பின்னாடி மிஷின் ஓடுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் சொன்னான்: "முதல்ல ஐநூறு பீஸ் மட்டும் எடுக்கறேன். பாதிப் பணம் முன்னாடியே பேங்க்ல வரணும், பில் போட்டுத்தான் சரக்கு போகும். சம்மதம்னா பார்க்கலாம். ஆனா அவர் நூல்காரர்கிட்ட, டையிங்காரர்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போய்ப் பேசச் சொல்றாருடா. அது மட்டும் மாட்டேன்."

ரெண்டு ரூபாய் ஏன் கூடத் தர்றார்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சது. அவருக்கு வேண்டியிருந்தது தையல் மட்டும் இல்ல.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.