காவோரின் கறுப்பு ஒயின்

பிரான்சின் ஆறுகளை வரிசையாக ஒப்பித்துப் படித்த தலைமுறை நாங்கள். லோத் ஆறு கரோனில் கலக்கிறது என்பது இன்றும் மறக்கவில்லை. அதன் கரையில் என்ன விளைகிறது என்று எந்த மிசியேவும் சொல்லித்தந்ததில்லை.

விளைவது திராட்சை. லோத் ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடும் காவோர் நகரைச் சுற்றி மல்பெக் என்ற வகையைப் பயிரிடுகிறார்கள். உள்ளூரில் அதற்கு 'கோ' என்று பெயர். நிறத்தின் அடர்த்தியால் இதைக் 'கறுப்பு ஒயின்' என்றே அழைத்தார்கள். 1152இல் அக்கித்தேன் சீமாட்டி அலியெனோர், பின்னால் இங்கிலாந்தின் அரசனான ஹென்றியை மணந்ததும் அந்தப் பக்கத்து ஒயினுக்கு ஆங்கிலேயச் சந்தை திறந்தது. ஆனால் படகில் வரும் சரக்கு போர்தோ துறைமுகத்தைத் தாண்டியாக வேண்டுமே! அந்த ஊர் வியாபாரிகள் தங்கள் ஒயின் விற்ற பிறகுதான், அதுவும் குளிர்காலத்தில்தான், மேற்கரைச் சரக்கை உள்ளே விட்டார்கள். பல நூற்றாண்டுகள் நடந்த இந்த அடாவடியை 1776இல் மந்திரி துர்கோ ஒழித்தார்.

அடுத்த நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வேர்ப்பேன் வந்தது. பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள். கூடவே இலையைக் கருக்கும் பூஞ்சை நோயும் வந்தது. அதற்கு மருந்து கிடைத்த கதை வேடிக்கையானது. மெதோக் பகுதி விவசாயிகள், வழிப்போக்கர் பழம் பறிக்காமலிருக்க, சாலையோரக் கொடிகளில் மட்டும் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்து வந்தார்கள். 1882இல் அந்தக் கொடிகளில் மட்டும் இலை உதிராமல் நிற்பதைத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே கவனித்தார். 1885இல் முறையை வெளியிட்டார். நம் விவசாயிகள் 'போர்டோ கலவை' என்பது இதைத்தான்.

காவோரின் கஷ்டம் அதோடு தீரவில்லை. 1956 பிப்ரவரி உறைபனியில் கொடிகள் பெரும்பாலும் கருகின. மறுபடி நட்டு வளர்த்தார்கள். 1971இல் அரசின் ஊர்ப்பெயர் முத்திரை கிடைத்தது. குறைந்தது 70 சதவீதம் மல்பெக் இருக்க வேண்டும் என்பது விதி.

போன மாதம் பிரான்சிலிருந்து வந்த அக்காள் மகன் காவோர் போத்தல் ஒன்று கொண்டுவந்தான். "மாமா, இது பியோ. மருந்தே அடிக்காதது" என்றான். இயற்கை வேளாண்மையைத்தான் அங்கே பியோ என்கிறார்கள். கிளாசில் நாவல்பழச் சாறு போல இருந்தது. விளக்கில் பிடித்தாலும் மறுபக்கம் தெரியவில்லை. முதல் வாய் பாக்கு மென்றதுபோல் துவர்த்தது. அரை மணி காற்றாட வைத்தபின் பழவாசனை எழுந்தது. தொண்டையில் கனமாக, இதமாக இறங்கியது. இந்த வயதில் ஒரு கிளாஸ் போதும்.

ஒயின் அருமை. ஆனால் 'மருந்தே அடிக்காதது' என்பதை ஏற்க முடியாது. ஐரோப்பியச் சட்டம் 2012 முதல்தான் 'இயற்கை ஒயின்' என்று லேபிளில் போட அனுமதித்தது. இனிப்பில்லாத சிவப்பு ஒயினில் கந்தக டையாக்சைடு லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மற்ற ஒயினுக்கு 150. ரசாயனப் பூச்சிக்கொல்லி கூடாது. ஆனால் செம்பு கூடும்: ஏழு ஆண்டுகளில் எக்டேருக்கு 28 கிலோ வரை. மழை மிகுந்த அந்தத் தென்மேற்கில் அது இல்லாமல் பூஞ்சையைத் தடுப்பது கடினம் என்பதும் நியாயமே. ஆனால் செம்பு மக்காது, மண்ணிலேயே தங்கும். கந்தகம் சேர்ந்திருப்பதை லேபிளில் சொல்லியாக வேண்டும். செம்புக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.