தொற்றுத் தடுப்புச் செவிலியர்: ஒரு பதவியின் தோற்றம்

1950களில் பென்சிலினுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் நுண்ணுயிரி இங்கிலாந்து மருத்துவமனைகளில் பரவியது. 1959இல் டார்பே மருத்துவமனை, நுண்ணுயிரியலாளர் பிரெண்டன் மூரின் முயற்சியால், காட்ரல் என்னும் செவிலியரைத் தொற்றுத் தடுப்புக்கென்றே அமர்த்தியது. இத்தகைய முதற்பதவி இதுவென்பர். ஆய்வகத்திற்கு மாதிரி வராத தொற்றுகளை வார்டுகளில் நேரில் சென்றே அறியவியலும். அதற்கு நாள்தோறும் நோயாளியருகில் இருப்பவரே தக்கவர்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 1985இல் வெளிவந்தன. 250 படுக்கைகளுக்கு ஒரு தொற்றுத் தடுப்புச் செவிலியர் என்னும் அதன் அளவே பெரிதும் எடுத்தாளப்படுகிறது. ஆயின், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தொற்றைத் தடுத்த திட்டங்களில் முறையான கண்காணிப்பும் பயிற்சி பெற்ற மருத்துவரின் துணையும் இருந்தன. அறுவை மருத்துவருக்கு அவர்தம் தொற்று விகிதமும் தெரிவிக்கப்பட்டது. செவிலியரின் எண்ணிக்கையை ஏற்ற நிருவாகங்கள் இக்கடைசிக் கூறினை எளிதில் ஏற்கவில்லை எனலாம்.