தொகை பெரிதா, தொடர்ச்சி பெரிதா?

பிட்காயின் வாங்கும் இளைஞர்களிடையே ஒரு வழக்கு ஓயாமல் நடக்கிறது. மொத்தமாகப் பணம் போட்டவன் முந்துவானா, மாதாமாதம் கொஞ்சம் வாங்கிச் சேர்ப்பவன் முந்துவானா? என் பேரன் இரண்டாவது கட்சி. ஒரு பிட்காயினைப் பத்துக் கோடித் துண்டுகளாகப் பிரிக்கலாமாம். ஒரு துண்டுக்கு சடோஷி என்று பெயராம். "ஆகையால் ஏழையும் வாங்கலாம் தாத்தா" என்கிறான். 2009இல் வந்த பொருள் புதியதுதான். கேள்வி மிகப் பழையது. அதற்கு நம் தருமபுரி மாவட்டத்திலேயே ஒரு விடை இருக்கிறது.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மொழியில். அங்கே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பழமொழி: "ப்தி தா ப்தி, லுவாசோ ஃபே சோன் நீ." சிறிது சிறிதாகத்தான் பறவை கூடு கட்டும் என்று பொருள். நம் 'சிறுதுளி பெருவெள்ளம்'தான். பாரிசில் 1818இல் தெலெசேர் முதலான செல்வர்கள் சேர்ந்து சேமிப்பு வங்கி தொடங்கினார்கள். ஒரு ஃபிராங்க் இருந்தாலும் போடலாம். இந்தியாவில் 1882இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி வந்தது. இரண்டும் நல்ல ஏற்பாடுகள். ஆனால் இரண்டிலும் ஏழை தனியாள். வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தால் சேர்த்ததை எடுத்துவிடுவான். கூடு பாதியில் கலைந்துவிடும்.

1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டம் நம்முடையது. அப்போது கிருஷ்ணகிரியும் இதில்தான் சேர்ந்திருந்தது. ஊருக்கு ஊர் பெண்கள் பன்னிரண்டு முதல் இருபது பேராகக் கூடிக் குழு அமைத்தார்கள். 1992இல் நபார்டு வங்கி இத்தகைய 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனை முயற்சியை நாடெங்கும் ஆரம்பித்தது. 1997-98இல் இதுவே மாநிலம் முழுவதற்கும் மகளிர் திட்டம் ஆயிற்று.

கணக்கைப் பாருங்கள். இருபது பெண்கள், வாரம் பத்து ரூபாய். ஆண்டுக்கு 10,400 ரூபாய். அந்த நாளிலும் வசதியுள்ளவர் ஒருவர் ஒரே நாளில் போடக்கூடிய தொகைதான். ஆனால் வங்கி பார்த்தது தொகையை அல்ல. தவறாமல் கூடுகிறார்களா, தவறாமல் சேமிக்கிறார்களா, உள்ளுக்குள் கடன் கொடுக்கிறார்களா, தவணை திரும்புகிறதா, கணக்குப் புத்தகம் சரியாக இருக்கிறதா? இந்த ஐந்தையும் 'பஞ்சசூத்திரம்' என்பார்கள். ஆறு மாதம் ஒழுங்காக நடந்த குழுவுக்குச் சேமிப்பைப் போல நான்கு மடங்கு வரை கடன் கிடைக்கும். நிலப் பத்திரம் இல்லாதவர்களுக்கு நோட்டுப் புத்தகமே பத்திரமாயிற்று.

தொண்ணூறுகளில் அலுவலக வேலையாக வத்தல்மலைக்கு ஏறியிருக்கிறேன். நல்ல சாலை இல்லாத காலம், நடைதான். மேலே சாமையும் ராகியும் விளையும் காடுகள், மலையாளிப் பழங்குடி மக்கள். ஒரு குழுவின் நோட்டைப் பார்த்தேன். சில வாரங்களில் வரவுக்குப் பக்கத்திலேயே பற்றும் இருந்தது. "பணம் போட்ட அன்றே ஏம்மா கடன் எடுத்தீங்க?" என்றேன். "புள்ளைக்கு வவுத்து வலி சார். கடன் எடுத்தா சேத்த பணம் அப்படியே கெடக்குமில்ல?" என்றார் ஒரு அம்மா. வட்டி நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். அதுவும் குழுவுக்கே திரும்பும்.

அந்த ஒரு வாக்கியத்தில் முழுப் பொருளாதாரமும் இருக்கிறது. பணக்காரனுடைய பலம் அவன் போடும் தொகையில் மட்டும் இல்லை. கெட்ட மாதம் வந்தாலும் சேர்த்ததை உடைக்காமல் காத்திருக்க அவனால் முடியும். அந்தக் காத்திருக்கும் பலத்தைத்தான் குழு ஏழைப் பெண்ணுக்குக் கொடுத்தது. தொடர்ச்சி என்பது மன உறுதி மட்டுமல்ல. உடையாமல் காக்கும் ஏற்பாடும் வேண்டும். பின்னாளில் கடனுக்காக மட்டுமே கூடிய குழுக்கள் பல கலைந்ததையும் பார்த்தோம். அங்கே பணம் வந்தது, பழக்கம் வரவில்லை.

இதைப் பிட்காயினுக்குப் பொருத்திப் பாருங்கள். 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் ஏறத்தாழ 69,000 டாலருக்குப் போயிற்று. ஓராண்டில் 16,000 அளவுக்கு இறங்கியது. பிறகு மறுபடி ஏறியது. மாதாமாதம் வாங்கியவர், இறங்கிய காலத்தில் அதே பணத்துக்கு அதிகம் பெற்றார். ஆனால் அந்த ஆண்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்து விற்க நேர்ந்தவருக்குத் தொடர்ச்சி உதவவில்லை. விலை ஏறிக்கொண்டே போகும் காலத்தில், முதலிலேயே மொத்தமாகப் போட்டவர்தான் முந்துவார் என்பதும் கணக்கு. ஆக, தொடர்ச்சி செல்வத்தை எப்போதும் ஜெயிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். செல்வம் இல்லாதவனுக்குத் திறந்திருக்கும் வழி அது; அவ்வளவே. ஏற்ற இறக்கம் இவ்வளவு உள்ள பொருளில் அந்த வழியும் வழுக்கும்.

பேரனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "ஆறு மாதம் சம்பளம் வராவிட்டால் இதைத் தொடாமல் சாப்பிட முடியுமா?" யோசித்துவிட்டு, இந்த மாதம் முதல் பாதிப் பணத்தை அஞ்சலகத் தொடர் வைப்பில் போடுகிறான். மீதிப் பாதி அவன் இஷ்டம்.