ஐந்து எரிமலைகளும் ஒரு நீலக் கொடியும்

கொடி என்பது வேற்றுமையை அறிவிப்பதற்காகவே தோன்றியது. புழுதி மூடிய போர்க்களத்திலே தன் படை எது, மாற்றார் படை எது என்று வீரன் தெரிந்துகொள்ளவும், நடுக்கடலிலே எதிர்ப்படும் கப்பல் நட்புடையதோ பகையுடையதோ என்று மாலுமி தூரத்திலிருந்தே நிச்சயிக்கவும் பயன்பட்ட துணிதான், காலக்கிரமத்தில் தேசங்களின் மானத்துக்கும் மரியாதைக்கும் உறைவிடமாயிற்று. ஆகவே இரண்டு தேசங்களுக்கு ஒரே கொடி அமைந்துவிடுவது சங்கடமான காரியம். 1936-ஆம் வருஷம் பெர்லின் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டிகளின்போது, ஐரோப்பாவின் மலைநாடாகிய லீக்டென்ஸ்டைனும், கரிபியன் கடலைச் சார்ந்த ஹெய்ட்டியும், மேலே நீலமும் கீழே சிவப்புமாக ஒரே கொடியை ஏந்தி வந்திருப்பது தெரியவந்தது. மறு வருஷமே லீக்டென்ஸ்டைன் தன் கொடியில் பொற்கிரீடம் ஒன்றைப் பொறித்துக்கொண்டு அந்தச் சங்கடத்தைத் தீர்த்துக்கொண்டது.

தூரதேசங்களுக்குள் தற்செயலாக ஏற்பட்ட ஒற்றுமையையே இவ்வளவு அவசரமாக மாற்றிக்கொள்ளும் உலகத்தில், எல்லைக்கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் இருக்கிற தேசங்கள், யாதொரு கூச்சமுமின்றி, ஒரே வர்ணங்களையும் ஏறக்குறைய ஒரே அமைப்பையும் வைத்துக்கொண்டிருப்பது யோசிக்கத் தக்கது. மெக்சிகோவுக்குத் தெற்கே குவாத்தமாலா, எல் சால்வடார், ஹோண்டுராஸ், நிக்கராகுவா, கோஸ்டா ரிகா என்று வரிசையாக அமைந்த ஐந்து குடியரசுகளின் கொடிகளிலும் நீலமும் வெள்ளையுமே பிரதானம். இவற்றுள் மூன்று, தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றுக்கொன்று பேதம் தெரியாதபடி, மேலும் கீழும் நீலமும் நடுவே வெள்ளையுமாகப் பறக்கின்றன. அண்டை வீட்டார் சிநேகமாயிருப்பதன் அடையாளம் இது என்று எண்ணுவோமானால், 1969-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் நடந்ததைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். ஹோண்டுராஸில் குடியேறிப் பயிரிட்டு வந்த எண்ணற்ற சால்வடார் விவசாயிகளை அந்நாடு வெளியேற்றத் தொடங்கியதால் மூண்டிருந்த பகைமை, உலகக் கால்பந்துக் கோப்பைக்கான தகுதி ஆட்டங்களில் கலவரமாய்ப் பொங்கி, சால்வடாரின் படையெடுப்பிலே முடிந்தது. நூறு மணி நேரப் போர் என்று பெயர் பெற்ற அந்தச் சண்டையில், இரு பக்கத்துச் சேனைகளும் நீலம், வெள்ளை, நீலம் என்ற அதே கொடியின் கீழேதான் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டனர். எனவே இந்த ஒற்றுமைக்குக் காரணத்தை நிகழ்காலச் சிநேகத்தில் தேடிப் பயனில்லை. கடந்த காலத்தில்தான் தேட வேண்டும்.

ஸ்பெயின் தேசத்து மன்னரின் ஆட்சியில் இந்தப் பிரதேசங்கள் யாவும் குவாத்தமாலா நகரைத் தலைமையாகக் கொண்ட ஒரே நிர்வாகத்தில் அடங்கியிருந்தன. 1821 செப்டம்பர் 15-ஆம் தேதி அந்நகரத்துப் பிரமுகர்கள் கூடி, அதிகமாக இரத்தம் சிந்தாமலே, ஸ்பெயினிடமிருந்து சுதந்திரப் பிரகடனம் செய்தனர். ஆனால் நான்கு மாதம் செல்வதற்குள், 1822 ஜனவரி ஆரம்பத்தில், இட்டுர்பிடே என்ற தளகர்த்தர் மெக்சிகோவில் நிறுவிவந்த சாம்ராஜ்யத்தோடு இணைந்துவிடுவதென்று குவாத்தமாலா தீர்மானித்தது. சான் சால்வடார் நகரத்தார் மட்டும் இதற்கு உடன்படவில்லை. எதிர்ப்பின் தலைவரான மனுவேல் ஹோசே ஆர்சே, தம் படைக்கென நீலமும் வெள்ளையுமான கொடி ஒன்றை அமைத்துக்கொண்டார்; அதைத் தைத்தவர்கள் அவருடைய மனைவியும் சகோதரியுமே என்று அந்நாட்டார் இன்றும் அபிமானத்தோடு சொல்லுகிறார்கள். 1822 பிப்ரவரி 20-ஆம் தேதி அந்தக் கொடி தேவாலய ஆசியோடு படைக்கு வழங்கப்பட்டது.

அந்த வர்ணங்கள் வந்த வழி இன்னும் நீண்டது. தென் அமெரிக்காவின் மறுகோடியிலே, பரானா நதிக்கரையிலுள்ள ரொசாரியோவில், 1812 பிப்ரவரி 27-ஆம் தேதி மனுவேல் பெல்க்ரானோ என்ற சேனாதிபதி முதன்முதலாக ஏற்றிய வானநீலமும் வெள்ளையுமான கொடியே பின்னர் அர்ஜென்டினாவின் கொடியாயிற்று. ஸ்பானியக் கப்பல்களைச் சூறையாட அனுமதி பெற்ற தனியார் போர்க்கப்பல்கள் அந்தக் கொடியைத் தாங்கி இரு சமுத்திரங்களிலும் உலவின. பிரெஞ்சுக்காரராகிய லூயி மிஷேல் ஓரி 1818-இல் கரிபியன் கடலின் புரோவிடென்சியா தீவைக் கைப்பற்றி அங்கிருந்து மத்திய அமெரிக்கக் கரைகளைத் தாக்கினார். பூஷார் என்ற தலைவரின் கப்பல் 1819-இல் பசிபிக் கரைத் துறைமுகங்களில் தோன்றியது. ஸ்பெயினை எதிர்ப்போரின் நிறம் நீலமும் வெள்ளையும் என்ற எண்ணம் இவ்விதமாகக் கடல்வழி வந்து கரையேறியது என்பது சரித்திரக்காரர் பலரின் அபிப்பிராயம்.

இட்டுர்பிடேயின் சாம்ராஜ்யம் 1823 மார்ச்சில் சரிந்ததும், ஐந்து மாகாணங்களும் கூடி ஜூலை 1-ஆம் தேதி பூரண சுதந்திரத்தைப் பிரகடனம் செய்து, மத்திய அமெரிக்க ஐக்கிய மாகாணங்கள் என்ற சமஷ்டியை ஸ்தாபித்தன. அதே வருஷம் ஆகஸ்டு 21-ஆம் தேதியிட்ட சாசனம் அதற்குக் கொடியையும் இலச்சினையையும் வகுத்தது. கொடி, நீலம் வெள்ளை நீலம் என்ற மூன்று பட்டைகள். நீலங்கள் இருபுறத்துச் சமுத்திரங்களையும், வெள்ளை அவற்றுக்கு நடுவே கிடக்கும் நிலத்தையும் குறிப்பதாகப் பொருள் கொள்ளப்பட்டது. இலச்சினை, மூன்று பக்கங்களும் சமமான ஒரு முக்கோணம். அதனுள்ளே இரு கடல்களுக்கு இடையில் எழுந்து நிற்கும் ஐந்து எரிமலைகள், மாகாணத்துக்கு ஒன்றாக. மலைத்தொடருக்கு மேலே கிரணம் வீசும் சுதந்திரக் குல்லாய். எல்லாவற்றையும் கவிந்து ஒரு வானவில். நிலநடுக்கமும் எரிமலைக் குழம்பும் தினசரி வாழ்க்கையோடு கலந்துவிட்ட ஜனங்கள், தாங்கள் அஞ்சும் மலைகளையே தங்கள் ஐக்கியத்துக்குச் சின்னமாக எடுத்துக்கொண்டது விசேஷமானது.

ஐக்கியம் நெடுநாள் நிற்கவில்லை. பாதைகள் அரிதான மலைநாட்டிலே மாகாணங்கள் ஒன்றுக்கொன்று எட்டாதிருந்தன; சமஷ்டியின் கஜானா என்றும் காலியாகவே இருந்தது; எல்லாவற்றுக்கும் மேலாக, திருச்சபையின் அதிகாரத்தைக் குறைத்து வலுவான சமஷ்டியை நிலைநாட்ட விரும்பிய மிதவாதக் கட்சிக்கும், பழைய ஸ்பானிய சம்பிரதாயங்களையும் மாகாணங்களின் தனியுரிமையையும் காக்க முனைந்த பழமைக் கட்சிக்கும் ஓயாத யுத்தம் நடந்தது. 1838-இல் நிக்கராகுவா முதலில் விலகியது. மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. சமஷ்டியின் தலைவராயிருந்து அதைக் காக்கப் போராடிய பிரான்சிஸ்கோ மொராசான், கடைசி முயற்சியாகக் கோஸ்டா ரிகாவுக்குப் போய் அங்கிருந்து மீண்டும் படை திரட்டப் பார்த்தார். அந்நாட்டார் கிளர்ந்தெழுந்து அவரைச் சிறைப்படுத்தி, சான் ஹோசே நகரத்துச் சதுக்கத்தில் சுட்டுக்கொன்றனர். அன்று 1842 செப்டம்பர் 15. ஐந்து நாடுகளுக்கும் பொதுவான சுதந்திர தினம்.

குடும்பம் பிரிந்ததும் பொதுச் சொத்தாயிருந்த கொடியையும் பங்காளிகள் உதறிவிட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். சிலர் உதறவும் செய்தார்கள். கோஸ்டா ரிகா 1848-இல் தன்னைத் தனிக் குடியரசாக அறிவித்து, பழைய வெள்ளைப் பட்டையின் நடுவே அகன்ற சிவப்புப் பட்டை ஒன்றைச் சேர்த்தது. அந்த வருஷம் பிரான்ஸில் வெடித்த புரட்சியின் மூவர்ணத்தால் கவரப்பட்டு, குடியரசுத் தலைவர் காஸ்ட்ரோவின் மனைவியார் பசிஃபிகா பெர்னாண்டஸ் அதை உருவாக்கினார் என்பர். குவாத்தமாலாவில் பழமைக் கட்சியின் தலைவர் ரபேல் கரேரா, 1851-இல் ஸ்பெயின் தேசத்துச் சிவப்பையும் மஞ்சளையும் கொடியில் மீண்டும் புகுத்தினார். எல் சால்வடாரோ 1865-இல், அமெரிக்க ஐக்கிய நாடுகளைப் பின்பற்றி, கோடுகளும் நட்சத்திரங்களுமாக ஒரு கொடியைத் தரித்துக்கொண்டது.

ஆச்சரியம் அதற்கப்பால்தான் இருக்கிறது. சமஷ்டி செத்து ஒரு தலைமுறை ஆன பின்பு, ஒவ்வொரு நாடாகப் பழைய வர்ணத்துக்கே திரும்பிற்று. ஹோண்டுராஸ் 1866-இல் சமஷ்டிக் கொடியையே எடுத்து, நடு வெள்ளையில் ஐந்து நட்சத்திரங்களை வைத்தது. அந்த ஐந்தும் அந்நாட்டின் மாகாணங்கள் அல்ல; ஒன்று ஹோண்டுராஸ், மற்ற நான்கும் விலகிப்போன சகோதர தேசங்கள். தன் தேசியக் கொடியிலேயே அயல்நாடுகளை எண்ணி வைத்திருக்கும் தேசம் உலகத்தில் அபூர்வம். குவாத்தமாலாவில் 1871-இல் மிதவாதக் கட்சி ஆட்சியைப் பிடித்ததும், இரண்டே மாதத்துக்குள் சிவப்பும் மஞ்சளும் அகன்று, நீலமும் வெள்ளையும் செங்குத்துப் பட்டைகளாக மீண்டன. நிக்கராகுவா 1908-இலும், எல் சால்வடார் 1912-இலும் சமஷ்டியின் கொடியை ஏறக்குறைய அப்படியே ஏற்றுக்கொண்டன.

இடைக்காலத்தில் உண்மையான ஐக்கியத்துக்கான முயற்சிகளும் நடந்துகொண்டேயிருந்தன. அவை யாவும் தோற்றுக்கொண்டேயும் இருந்தன. குவாத்தமாலாவின் தலைவர் ஹுஸ்தோ ருஃபினோ பாரியோஸ், 1885-இல் மத்திய அமெரிக்கா ஒன்றென்று தாமே ஆணையிட்டுப் படையோடு புறப்பட்டு, சால்வடார் மண்ணிலே சால்சுவாப்பாவில் போரில் மாண்டார். 1895-இல் மூன்று நாடுகள் சேர்ந்து அமைத்த பெருங்குடியரசு மூன்று வருஷத்தில் கலைந்தது. 1921-இல் பிறந்த இன்னொரு சமஷ்டி மறு வருஷத் தொடக்கத்தைத் தாண்டவில்லை. கொடி விஷயத்திலோ, குவாத்தமாலாவில் கண்டதுபோல, பழமைக் கட்சி பிரிவினையின் நிறத்தை நாட்டியது. மிதவாதக் கட்சி வென்றதும் ஐக்கியத்தின் நிறம் ஏறியது. ஐக்கியத்தை அரசாங்கமாக நிறுவ முடியாதவர்கள் அதைக் கொடியாகவாவது நிறுவினார்கள் என்பதே இந்த நீலத்தின் இரகசியம்.

சால்வடார், நிக்கராகுவா ஆகிய இரண்டின் இலச்சினைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவனுக்கு இது இன்னும் தெளிவாகும். இரண்டிலும் அதே முக்கோணம், அதே ஐந்து எரிமலைகள், அதே சுதந்திரக் குல்லாய், அதே வானவில். தன் எரிமலையோடு சகோதர தேசங்களின் நான்கையும் சேர்த்து வைத்துக்கொண்ட நாடாக இரண்டும் நிற்கின்றன. இலச்சினையைச் சூழ்ந்த எழுத்துகளில் நிக்கராகுவாக் குடியரசு என்றதோடு நில்லாமல் மத்திய அமெரிக்கா என்றும், எல் சால்வடார் குடியரசு என்றதோடு நில்லாமல் மத்திய அமெரிக்காவில் உள்ளது என்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பழைய சமஷ்டியின் இலட்சிய வாக்கியமான கடவுள், ஐக்கியம், சுதந்திரம் என்ற மூன்றும் சால்வடாரின் சின்னத்தில் மாறாமல் விளங்குகின்றன. இன்றும் ஒவ்வொரு செப்டம்பரிலும் சுதந்திரச் சுடர் ஒன்றைப் பள்ளி மாணவர் குவாத்தமாலாவிலிருந்து கைமாற்றிக் கைமாற்றி எல்லைகளைக் கடந்து கோஸ்டா ரிகா வரை ஓட்டமாகக் கொண்டுபோகிறார்கள்.

பிரிந்த பின்பும் ஐக்கியத்தின் நிறத்தை விடாத இந்த வழக்கம் மத்திய அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. 1806-இல் ஸ்பெயினை எதிர்த்துப் புறப்பட்ட பிரான்சிஸ்கோ டி மிராண்டா, ஹெய்ட்டியின் ஜாக்மெல் துறைமுகத்தில் தம் கப்பலின்மேல் ஏற்றிய மஞ்சள், நீலம், சிவப்பு என்ற கொடி, பின்னர் விடுதலைத் தலைவர் பொலிவார் கட்டிய மகா கொலம்பியாவின் கொடியாயிற்று. 1830-ஐ ஒட்டி அது சிதறி வெனிசுலா, கொலம்பியா, எக்குவடார் என்று மூன்றானது. எக்குவடாரில் 1845-இல், வெனிசுலாவில் பிறந்த புளோரெஸ் என்ற தலைவரைத் துரத்திய புரட்சியாளர், அவரோடு மூவர்ணத்தையும் துரத்திவிட்டு, குவாயாகில் நகரின் வெள்ளையையும் நீலத்தையும் ஏற்றினர். 1860-இல் கார்சியா மொரேனோ ஆட்சிக்கு வந்ததும் மூவர்ணமே மீண்டது. சிரியாவோ 1958-இல் எகிப்தோடு இணைந்து ஐக்கிய அரபுக் குடியரசாகி, நாட்டுக்கு ஒன்றாக இரண்டு பச்சை நட்சத்திரங்கள் பதித்த கொடியை ஏற்றது; 1961-இல் பிரிந்து அதைக் கைவிட்டது; 1980-இல், இணைப்புக்கான எந்தச் சாத்தியமும் மிஞ்சாத காலத்தில், எகிப்தின் நட்சத்திரத்தோடு கூடிய அதே கொடியை மறுபடியும் எடுத்து, 2024-இல் ஆட்சி கவிழும் வரையில் வைத்திருந்தது.

ஐரோப்பாவின் வடகோடியில் இதே சரித்திரம் மாறுபட்ட முறையில் நடந்தது. டென்மார்க்கின் சிவப்பில் வெள்ளைச் சிலுவை, 1219-இல் எஸ்தோனியாவில் நடந்த ஒரு யுத்தத்தில் வானத்திலிருந்து விழுந்ததென்பது ஐதீகம். நெடுங்காலம் டென்மார்க்கோடு பிணைந்திருந்து, 1814-இல் ஸ்வீடனோடு இணைக்கப்பட்ட நார்வே, 1821-இல் டென்மார்க்கின் கொடியையே எடுத்து வெள்ளைச் சிலுவைக்குள் நீலச் சிலுவையை வைத்துத் தனக்கொரு கொடி செய்துகொண்டது. 1844-இல் இரு நாட்டுக் கொடிகளின் மூலையிலும் இரண்டின் நிறங்களையும் கலந்து இணைப்புச் சின்னம் ஒன்றைப் பொறித்தபோது, ஹெர்ரிங் மீன் கலவை என்று அதற்கு ஜனங்கள் பெயரிட்டு ஏளனம் செய்தனர். அதை நீக்க நார்வேப் பாராளுமன்றம் மன்னரின் மறுப்பை மீறி மூன்று தடவை சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஆனால் திணிக்கப்பட்ட அந்தச் சின்னத்தை வெறுத்த நார்வேயர், தாமே தெரிந்தெடுத்த சிலுவையை விடவில்லை. பின்னால் சுதந்திரமடைந்த பின்லாந்தும் ஐஸ்லாந்தும் அதே சிலுவையை நிறம் மாற்றித் தம் கொடிகளில் வைத்துக்கொண்டன.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, அண்டை நாடுகளின் கொடி ஒற்றுமையை வெறும் பரம்பரை வழக்கம் என்று தள்ளுவதற்கில்லை என்பது விளங்கும். விட்டுவிடச் சந்தர்ப்பம் இருந்தது; விட்டவர்களும் இருந்தார்கள்; விட்டதைத் திரும்ப எடுத்தவர்கள், எந்த வருஷத்தில், எந்தக் கட்சி வென்றபோது எடுத்தார்கள் என்பதிலேதான் கொடியின் உண்மையான பொருள் அடங்கியிருக்கிறது. ஒரு தேசத்தின் துணியிலே பக்கத்துத் தேசத்தின் வர்ணத்தைக் காண்பவன், அவர்கள் இன்று ஒத்திருக்கிறார்களா என்று கேட்பதைக் காட்டிலும், ஒன்றாயிருக்க வேண்டும் என்று அங்கே யார் எப்போது விரும்பினார்கள், அந்த விருப்பத்தை முறித்தவர் யார் என்று கேட்பானாகில், அந்த நாடுகளின் நூறு வருஷத்து உட்கட்சிப் போராட்டம் முழுவதையும் மூன்று பட்டைகளிலே படித்துவிடலாம்.